பம்பு இல்லாத கிணற்றடிக்கு ஒரு கமரா

எங்கள் கிணற்றடியில் இருந்த தண்ணீர்ப் பம்பைக் களவெடுத்தவர்கள், அதைப் பிணைத்திருந்த நான்கு நட்டுகளையும் கழற்றிச் சீமெந்துக் கட்டையின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் முகம் கழுவப் போன நான் முதலில் கண்டது அந்த நட்டுகளைத்தான். யாரோ திருத்த வேலைக்கு வந்து, பாதியில் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார் போல இருந்தது. பம்பு இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பிரான்சில் இருக்கும் என் கணவருக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன். அவர் உணவகக் குசினியில் வேலை முடித்து வந்து படுத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. அவர் கேட்ட முதற் கேள்வி, "பிள்ளை எங்கை?" என்பதுதான். பம்பைப் பற்றி அல்ல. அவரைப் பற்றிக் கசப்பாகத்தான் எழுதப் போகிறேன் என்பதால், இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது அவர் போனார். இப்போது அவள் முன்பள்ளிக்குப் போகிறாள். அவருக்கு அங்கே இன்னும் வதிவிட அனுமதி கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை அவர் வரவும் முடியாது, எங்களைக் கூப்பிடவும் முடியாது. உரும்பிராயில் இந்த வீட்டில் நானும் மகளும் மட்டும். அம்மா அளவெட்டியில், பிள்ளை பெற்றிருக்கும் என் தங்கையோடு. வீடு எனக்குச் சீதனமாக வந்தது. அப்பா வெங்காயம் போட்டு, ஒவ்வொரு போகத்துக்கும் ஒவ்வொரு அறையாகக் கட்டிய வீடு. காணி உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது.

"முதல் கமரா பூட்டுவம். அதுக்குப் பிறகு பம்பு வாங்குவம். இல்லாட்டி அதையும் கழட்டிக்கொண்டு போவாங்கள்," என்றார் அவர்.

சரியாகத்தான் பட்டது. "ஓம்," என்றேன். அவர் சொல்பவை பெரும்பாலும் கேட்கும் நேரத்தில் சரியாகத்தான் படும். பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு வேறு மாதிரி யோசனை வரும். அப்போது அவர் தொலைபேசியை வைத்துவிட்டிருப்பார்.

கமராக்கள் இரண்டு வந்தன. கையடக்கமானவை, வெள்ளை நிறம், கண்ணுக்குள் ஒரு கறுப்பு மணி. கம்பியில்லாக் கமரா என்று பெட்டியில் எழுதியிருந்தது. படம் கம்பியில்லாமல் போகுமே தவிர, மின்சாரத்துக்கு ஒரு வயர் வேண்டும் என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. முன்பக்கக் கமராவுக்கு விறாந்தை யன்னலோரம் ஒரு பிளக் இருந்தது. பின்பக்கத்துக்கு, குசினித் தாழ்வாரத்தின் கீழ், ஒன்றும் இல்லை. அதோடு எங்கள் பக்கம் மழை இரண்டு துளி விழுந்தாலே கரண்ட் போய்விடும். அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, "பவர் பாங்கிலை ஓடவிடுவம்," என்றார். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் அதே சாமான். பின்பக்கக் கமராவுக்கு ஒன்று, அது இறங்கும்போது மாற்ற இன்னொன்று, கரண்ட் போனால் ரவுட்டர் நிற்காமல் இருக்க மூன்றாவது.

அதைப் பூட்டிய நாள் நல்ல நாள். நான் கதிரையில் ஏறி நின்றேன். அவர் போனுக்குள் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் வலப்பக்கம்... உம்மடை வலமில்லையப்பா, கமராவின்ரை வலம்." "கமராவுக்கு ஏது வலம் இடம்?" என்று நான் கேட்க, அவர் சிரித்தார். பவர் பாங்க் மழையில் நனையாமல் இருக்க, வெறும் பால்மா ரின் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, வயரை அதற்குள்ளால் விட்டு, தூணில் கட்டினேன். "கெட்டிக்காரி," என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

கிணறும் கிணற்றடியும் பின்ஒழுங்கைப் படலையும் முழுதாகத் தெரிந்தன. பம்பு இல்லாத சீமெந்துக் கட்டை நடுவில், வடிவாக.

அன்றிலிருந்து என் காலை வேலைகளோடு அந்த மாற்றலும் சேர்ந்தது. எழும்பியதும் ரின்னுக்குள் இருப்பதை எடுத்து, குசினியில் சார்ஜ் ஏறியதை வைத்து, எடுத்ததைச் சார்ஜில் போட்டு, கமராவில் பச்சைப் புள்ளி வருகிறதா என்று நின்று பார்த்து, பிறகுதான் அடுப்பு. மறக்காமல் செய்தேன். குசினிச் சுவரில் நாட்காட்டியில் புள்ளடி போட்டு வைத்தேன். இப்படியான வேலைகளை எனக்குத் தரலாம். பள்ளிக்கூடத்திலும் கரும்பலகை துடைக்க ஆசிரியர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கமராவின் கணக்கு அவர் பெயரில். அதைக் கனடாவில் இருக்கும் தன் அக்காவுக்கும் அவர் திறந்துவிட்டிருந்தார். "நான் வேலையிலை நிக்கிற நேரம் அக்கா பார்ப்பா. உமக்கும் ஒரு பாதுகாப்பு," என்றார். என் மச்சாளுக்கு அங்கே இரவு வேலை. இடைவேளையில் எங்கள் முற்றத்தைப் பார்ப்பது அவவுக்கு ஒரு பொழுதாகிவிட்டது. "மச்சாள், வாழைக்குத் தண்ணி விடேல்லைப் போல கிடக்கு," என்று குடும்பக் குழுவில் எழுதுவா. "பச்சைச் சட்டையோடை வந்திட்டுப் போனது ஆர்?" என்று இன்னொரு நாள். கரண்ட் பில் கொண்டு வந்தவர் என்று நான் எழுதினேன். அந்தக் குழுவில் நான், அவர், மச்சாள், மச்சாளின் கணவர் என்று நாலு பேர். மச்சாளின் கணவர் ஒன்றும் எழுதமாட்டார். ஆனால் எல்லாவற்றையும் வாசிப்பார் என்பது நீலச் சரிகளில் தெரியும்.

இனிக் குளிப்பைப் பற்றி எழுத வேண்டும்.

பம்பு இல்லாததால் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. குளியலறைக் குழாய்கள் காற்றைத்தான் விட்டன. முதல் சில நாட்கள் நான் வாளி வாளியாக அள்ளி உள்ளே கொண்டுபோய்க் குளித்தேன். சிசேரியன் செய்த உடம்பு. நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு, சிறு வயதிலிருந்து செய்ததுபோலவே, கிணற்றடியில் நின்று அள்ளி ஊற்றத் தொடங்கினேன். மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் தகரம். அயலில் ஒரு கண்ணுக்கும் தெரியாது. மகளை முன்பள்ளியில் விட்டு, சமைத்து, உடுப்புத் தோய்த்து, பதினொரு மணிபோல் குறுக்குக்கட்டோடு நின்று இருபது வாளி ஊற்றிவிட்டு, பன்னிரண்டுக்குப் பிள்ளையைக் கூட்டப் போனால் சரியாக இருக்கும்.

பதினொரு மணி என்றால் அவருக்கு அங்கே காலை. எழும்பியதும் போனை எடுத்துக் கமராவைப் பார்க்கும் நேரம். மச்சாளுக்கு இடைவேளை. மச்சாளின் போனை அவவின் கணவர் எடுத்துப் பார்ப்பதும் எனக்குத் தெரியும்.

நான் செய்தது இதுதான்: குளிக்கப் போகும்போது ரின்னுக்குள் கைவிட்டு வயரைக் கழற்றுவேன். குளித்து, உடுப்பு மாற்றி, திரும்பப் பூட்டுவேன். வெள்ளிக்கிழமைகளில் தலை முழுகுவதால் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். அவ்வளவுதான்.

ஒரு வாரம் போனபின் அவர் குழுவில் கேட்டார்: "பின்பக்கக் கமரா ஏன் பதினொரு மணிக்கு நிக்குது?"

"குளிக்கிறனான், அதாலை கழட்டிறனான்." இவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். பிறகு மச்சாளின் கணவரும் வாசிப்பாரே என்று அழித்தேன். அவருக்குத் தனியாக எழுதலாம் என்று நினைத்தேன். தனியாக எழுதினால், குழுவில் கேட்டதற்கு ஏன் குழுவில் பதில் இல்லை என்று மச்சாள் கேட்பா. எனக்கு எப்போதும் இப்படித்தான். ஒரு பதிலுக்கு நாலு பதில் வந்து நிற்கும். கடைசியில், "சார்ஜ் இறங்கியிருக்கும்," என்று எழுதி அனுப்பினேன்.

சின்னப் பொய். அதைப் பொய் என்றுகூட அப்போது நினைக்கவில்லை. வெட்கத்துக்கு மேல் போட்ட ஒரு துவாய் என்றுதான் நினைத்தேன்.

அவர் அதை நம்பினார். நம்பியதால் கவலைப்பட்டார். கவலைப்பட்டதால், கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்த ஒருவரிடம் பெரிய பவர் பாங்க் இரண்டு கொடுத்துவிட்டார். செங்கல் அளவு; கறுப்பு; பக்கத்தில் நாலு சிறு விளக்குகள். "இது ஒரு கிழமைக்குக் காணும். இனி ஒவ்வொரு நாளும் மாத்தத் தேவையில்லை, உமக்கும் கரைச்சல் இல்லை," என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோசம். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அந்தச் சாமானைச் சுமந்து வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, மிக்சர் வைத்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அதை ரின்னுக்குள் வைத்தேன். ரின் போதவில்லை. பெரிய ரின் எடுத்தேன்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு மறுபடி கழற்றினேன். ஒரு கிழமைக்குக் காணும் என்ற சாமான் பதினாறு மணித்தியாலத்தில் எப்படி நின்றது என்று அவர் கேட்டபோது, "வயர் கொஞ்சம் லூசு போல," என்றேன். இரண்டாவது பொய்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

பெரிய பவர் பாங்க் தானாக நிற்கத் தொடங்கியது. மத்தியானம் மகளுக்குச் சாப்பாடு தீத்தி, நித்திரையாக்கி, நானும் பக்கத்தில் சரிந்து கிடப்பேன். முற்றத்தில் ஓர் இலைகூட அசையாது. இரண்டு மணி, மூன்று மணிபோல் போன் அடிக்கும்.

"என்னப்பா, கமராவை நிப்பாட்டினனீரோ?"

"இல்லையே. நான் கட்டில்லை கிடக்கிறன்."

"அப்ப ஏன் நிண்டது? போய்ப் பாரும். வீடியோவிலை காட்டும்."

போய்ப் பார்த்தால் கமரா செத்துக் கிடக்கும். பவர் பாங்கின் பொத்தானை அமத்தினால் நாலு விளக்கும் எரியும். நிறைந்து கிடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதை நானே என் கையால் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். பொத்தானை அமத்தியதும் கமராவும் உயிர்பெற்றுவிடும்.

"முழுச் சார்ஜும் கிடக்குது. வயரும் பூட்டிக் கிடக்குது. ஆரோ நிப்பாட்டாமல் எப்பிடி நிக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என்னையே சந்தேகப்பட்டேன். நித்திரைக் கலக்கத்தில் போய்க் கழற்றிவிட்டு வந்தேனோ? பொத்தானை அறியாமல் தட்டினேனோ? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்து நல்ல பெறுபேறு எடுத்தவள் நான். ஆனாலும் அந்தச் சாமானைக் காரணம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஏதாவது பிழையாகப் போனால், நான் என்ன பிழை விட்டேன் என்று தேடத்தான் எனக்குத் தெரியும்.

மச்சாள் ஒரு நாள் குழுவில் ஒரு படம் போட்டா. கமரா நின்ற நேரங்களின் பட்டியல். ஒவ்வொரு நாளும் பதினொரு மணியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மத்தியான நேரங்களுக்கு இன்னொரு வட்டம். கீழே எழுதியிருந்தா: "தம்பி, வெள்ளிக்கிழமையிலை நாப்பது நிமிசம். கவனிச்சனியோ?"

அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. மச்சாள் கலியாணம் முடித்துப் போகும்வரை இதே வலிகாமத்தில், இதே மாதிரிக் கிணற்றடியில், இருபத்தாறு வயதுவரை குளித்தவ. வெள்ளிக்கிழமை முழுகியவ. முடி நீளம் என்று ஊரில் பெயர் எடுத்தவ. பகல் பதினொரு மணி, வெள்ளியில் கூட நேரம் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். அவவுக்கு அது மறந்துபோனதா, அல்லது மறக்கவில்லையா என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காதது.

அடுத்த நாளும் பதினொரு மணிக்கு வயரைக் கழற்றினேன்.

உண்மையைச் சொன்னது என் மகள்.

அவள் கமராவை அப்பா என்றுதான் சொல்லுவாள். தொடக்கத்தில் நான்தான், "அப்பா அதுக்குள்ளாலை பாக்கிறார்," என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். முன்பள்ளியில் கீறிய படங்களைக் கமராவுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். "பாத்தாச்சோ அப்பா?" என்று கேட்டு, சற்றுப் பொறுத்து, பதில் வந்ததுபோலத் தலையாட்டிவிட்டு ஓடுவாள். முன்பக்க அப்பா, பின்பக்க அப்பா என்று இரண்டு பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவரும் மச்சாளும் ஒரே வீடியோ அழைப்பில் இருந்தார்கள். மகளுக்கு அன்று முன்பள்ளி இல்லை. நான் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா," என்றாள் போனைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இப்பவும் உங்களைக் கழட்டினவ."

"என்னைக் கழட்டினவவோ?" என்று அவர் சிரித்தார்.

"ஓம். பின்பக்க அப்பாவை. நான் வீட்டிலை நிக்கிற நாளெல்லாம் கழட்டிப்போட்டுப் பிறகு பூட்டிறவ."

அவர் சிரிப்பு நின்றது. நான் ஓடிவந்து போனை வாங்கினேன். "குளிக்கேக்கை மட்டும்," என்றேன். "குளிக்கேக்கை மட்டும்தான் கழட்டிறனான். கமரா கிணத்தடியைத்தானே பாக்குது. எல்லாரும் பாக்கிறதிலை எப்பிடி நான் குளிக்கிறது?"

மச்சாள், "அதைச் சொல்லுறதுக்கு என்ன, வாயிலை கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீர்?" என்று கேட்டா.

"வெக்கமாக் கிடந்தது, மச்சாள்."

"ஓ. அப்ப மத்தியானம் மூண்டு மணிக்கும் குளிக்கிறனீரோ?"

"மத்தியானத்திலை நான் தொடுறேல்லை. சத்தியமா அது தானா நிக்குது."

"ஒண்டு கையாலை நிக்குது, மற்றது தானா நிக்குது," என்றா மச்சாள். "நல்ல கமரா."

அவர் அழைப்பை வைத்துவிட்டுத் தனியாக எடுத்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினார். "எனக்கு நீர் ஆரோடையோ எண்டு சந்தேகம் இல்லை. அப்பிடி நினைச்சால் என்ரை வாய் அழுகும். ஆனால் நீர் சார்ஜ் இறங்கினது எண்டனீர். நான் ஓடித்திரிஞ்சு பெரிசு வாங்கி அனுப்பினன். பிறகு வயர் லூசு எண்டனீர். இப்ப தானா நிக்குது எண்டுறீர். இதிலை எதை நான் நம்புறது, சொல்லும்?"

எனக்கு அவரிடம் வேண்டியிருந்தது அந்த ஒன்று மட்டும்தான். நான் சொன்னால் அது போதும் என்று அவர் நினைக்க வேண்டும். இத்தனை தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு இடையில் சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதை நானே கையால் கெடுத்திருந்தேன். கெடாத பாதியையும் சேர்த்து அவர் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் போன் எடுப்பது குறைந்தது. "வேலை கூட," என்றார். ஆனால் கமராவில் ஒரு சின்ன நீல விளக்கு உண்டு. யாராவது நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எரியும். நான் உடுப்புக் காயப்போடும்போது எரியும். மகளுக்குப் பின்படியில் வைத்துத் தலை இழுத்துப் பின்னும்போது எரியும். நிமிர்ந்து பார்ப்பேன். போன் அடிக்காது. மகள் கையசைப்பாள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இப்படி மூன்று வாரம். ஒரு சனிக்கிழமை மகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுன்னாகத்துக்கு மரக்கறி வாங்கப் போனேன். சந்தைக்கு எதிரே போன் திருத்தும் கடை ஒன்று. பவர் பாங்கையும் பையில் கொண்டு போயிருந்தேன். அதைக் கொண்டுபோவதைக் கமரா காணும் என்பதால், "சுன்னாகத்திலை காட்டக் கொண்டுபோறன்," என்று முதலே குழுவில் எழுதிவிட்டுத்தான் கழற்றினேன்.

கடைக்காரர் நடுவயது ஆள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதைக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"என்னத்துக்குப் பூட்டியிருக்கிறியள், தங்கச்சி?"

"கமராவுக்கு, அண்ணை. ஆக்கள் அசைஞ்சால் படம் எடுக்கிற சின்னக் கமரா."

"அது தானா நிண்டு போகுமே? மத்தியானத்திலை, ஆக்கள் நடமாட்டம் இல்லாத நேரம்?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"உது பெரிய சாமான். லப்டொப்புக்கே குடுக்கக்கூடியது. உங்கடை கமரா இரவிலை இருட்டுக்கு லைற் போடும், அதாலை கூடக் குடிக்கும்; பகலிலை ஒருத்தரும் அசையாத நேரம் சொட்டுச் சொட்டாத்தான் கரண்ட் குடிக்கும். உந்தப் பவர் பாங்க் இருக்கிறாரே, உவர் பாப்பார், ஒருத்தரும் குடிக்கேல்லை, போன் சார்ஜ் ஏறி முடிஞ்சுது போல எண்டு. தானா நிப்பாட்டிப்போட்டுப் படுத்திடுவார். முந்தி வைச்சிருந்த சின்னனுகளுக்கு உந்த மூளை இல்லை. அதுகள் சும்மா குடுத்துக்கொண்டே இருக்கும்." மேசை லாச்சியைத் திறந்து, விரல் நுனி அளவு மின்விளக்கு ஒன்றை எடுத்தார். "இதை மற்ற ஓட்டையிலை செருகி விடுங்கோ. இது எரிஞ்சுகொண்டு கிடந்தால், ஆரோ குடிக்கினம் எண்டு அவர் முழிச்சிருப்பார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள், "அம்மா ஏன் அழுறியள்?" என்று உரக்கக் கேட்டாள். கடைக்காரர் பயந்துபோனார். "இது பெரிய பிழையில்லைத் தங்கச்சி, எல்லாருக்கும் வாறதுதான்," என்றார்.

"அண்ணை, ஒரு உதவி. இப்ப சொன்னதை இந்தப் போனிலை ஒருக்காச் சொல்லுவியளே? என்ரை அவருக்கு அனுப்ப வேணும்."

முன்பின் தெரியாத ஒருவரிடம் என் வார்த்தைக்குச் சாட்சி கேட்டு நிற்கிறேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு போனை வாங்கி, குரலைச் சரிசெய்து, "வணக்கம் தம்பி," என்று தொடங்கி, மேடையில் பேசுவதுபோல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில், கேட்காமலே, "இதிலை தங்கச்சியிலை ஒரு பிழையும் இல்லை," என்றும் சொன்னார்.

நான் வெங்காயம் வாங்கி முடிக்க முன்னமே பதில் வந்துவிட்டது. "ஓ, அதுதான் விசயமோ. சரி, விளங்கீட்டுது. லைற்றைச் செருகி விடும்." குழுவில் மச்சாள் ஒரு கட்டைவிரல் போட்டா. சற்று நேரத்துக்குப் பிறகு எழுதினா: "கடைக்காரர் நல்ல அக்கறையா விளக்கம் சொல்லுறார். தெரிஞ்ச ஆளோ?"

அன்று பின்னேரம் அவர் எடுத்தார். குரல் பழையபடி இருந்தது. மகளோடு கதைத்தார். வேலைத்தலத்தில் யாரோ வெங்காயத் தாளை வெட்டி விரலையும் வெட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். "இனிப் பம்பை வாங்குவம்," என்றார். எல்லாம் முடிந்துவிட்டது அவருக்கு.

"நான் மூண்டு கிழமையாச் சொன்னனான், தானா நிக்குது எண்டு," என்றேன். "அவர் ஒருக்காச் சொன்னதும் நம்பிட்டியள்."

"அவர் சாமான் தெரிஞ்ச ஆள்தானேயப்பா."

"நான் உங்கடை மனிசி."

அந்தப் பக்கத்தில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போயிருந்தார்போல. "அவர் எனக்கு முந்தி ஒரு பொய்யும் சொல்லேல்லை," என்றார். குத்திக் காட்டவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அது உண்மை. அந்த உண்மை எவ்வளவு சின்னது என்று அவருக்கு விளக்க என்னிடம் வேறு கடைக்காரர் இல்லை.

அடுத்த மாதம் பம்பு வந்தது. அதே சீமெந்துக் கட்டையில் பூட்டினார்கள். இம்முறை நட்டுகளை ஒட்டவைத்து, மேலே இரும்புக் கூடும் போட்டார்கள். தொட்டியில் தண்ணீர் ஏறியது. கமரா கடைசியில் தான் வந்த வேலையைச் செய்கிறது. பால்மா ரின்னுக்குள் அந்தச் சின்ன விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருக்கிறது. கமரா நிற்பதே இல்லை.

நான் இப்போது உள்ளேதான் குளிக்கிறேன். வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீர், பதினொரு மணிக்குச் சுடும். கதவுக்குக் கொண்டி போட்டு, சின்ன யன்னலையும் சாத்திவிட்டுக் குளிக்கிறேன். அந்த இருபது நிமிடமும் கமராவில் நான் இல்லை. முற்றம் வெறுமையாகத் தெரியும்.

குளித்து முடிந்ததும் துவாயைக் குளியலறைக் கம்பியிலேயே காயப்போடலாம். முன்பு அங்கேதான் போட்டேன். இப்போது ஈரத் தலையோடு பின்கதவைத் திறந்து, வெளியே வந்து, கமராவுக்கு நேரே இருக்கும் கொடியில் துவாயை உதறி விரித்துப் போடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் முடியையும் அங்கே நின்றே துவட்டுகிறேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. சில நாட்களில் நீல விளக்கு எரிகிறது, பல நாட்களில் எரிவதில்லை. எரியாத நாட்களிலும் துவாயைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்துவிடுகிறேன், தூண் மறைக்காமல் முழுதாகத் தெரிவதற்கு.